ஐந்தும் நாற்பத்தெட்டும்

வின்னிபெக். பிப்ரவரி. இரவு ஒன்றேகால்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே இயந்திரங்கள் சூடாகாமலிருக்க ஏசி போட்டிருக்கிறோம்.
இதைச் சொல்லி வாசில் ஹ்ரிட்சாக்
ஒவ்வொரு குளிர்காலமும் ஒருமுறை சிரிப்பார்.

இருபத்தாறு வருடத் தொலைபேசிக்காரர்.
இணைப்பு என்றால் அவருக்கு
இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே
முன்கூட்டியே கொடுத்துவிட்ட வாக்கு.
"மார்கரிட், உன் பாக்கெட்டுகள்
தெருவுக்குத் தெரு வழி கேட்கும் குடிகாரர்கள்."
"உங்கள் சர்க்யூட்டில்
யாரும் பேசாவிட்டாலும் மீட்டர் ஓடும்."
ஒரே அறையில் இரண்டு மதம்.
காபி இயந்திரம் பொது.

என் ரவுட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் நிறுத்தும்.
முகவரியைப் படிக்கும்.
ஐம்பதாயிரம் வரிப் பட்டியலில்
அதிக நீளத்துக்குப் பொருந்துவது எதுவெனத் தேடும்.
அடுத்த ஊர் ரவுட்டர் அதையே முதலிலிருந்து செய்யும்,
சக ஊழியர் எண்ணிய நோட்டுக்கட்டை
மறுபடி எண்ணும் வங்கிக்காரர் போல.

அவருடைய ஸ்விட்சுக்குப் படிப்பு கிடையாது.
எல்லாவற்றையும் ஐம்பத்து மூன்று பைட்டாக
நறுக்கித்தான் அதனிடம் கொடுக்க வேண்டும்,
தலைக்கு ஐந்து, வயிற்றுக்கு நாற்பத்தெட்டு.
கடலுக்கு இந்தப் பக்கம் அறுபத்துநான்கு கேட்டார்களாம்,
அந்தப் பக்கம் முப்பத்திரண்டு.
கூட்டி இரண்டால் வகுத்தார்கள்.
யாருக்கும் பிடிக்காத எண்,
ஆகவே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.
தலையில் ஒரு சீட்டு.
பார். மாற்று. தள்ளு.
அவ்வளவுதான், ஆனால்
நீங்கள் 'பார்' என்று சொல்லி முடிப்பதற்குள்
ஒரு லட்சம் தடவை.

இன்றிரவு இரண்டையும் ஒன்றாக்குகிறோம்.
விளிம்பில் என் ரவுட்டர் ஒரே ஒருமுறை படிக்கும்,
படித்ததை எண்ணாக்கித் தலையில் ஒட்டும்.
அப்புறம் கெனோரா, தண்டர் பே, சட்பரி,
உறைந்த ஏரிகளின் ஓரமாக
யாரும் யாருடைய பெயரையும் கேட்காத ஓட்டம்.
டொராண்டோவில் சீட்டைக் கிழித்தால்
உள்ளே முகவரி, கசங்காமல்.

இரண்டு பத்துக்கு, வடக்கே தாம்சனிலிருந்து
ஒட்டிலி ஸ்பென்ஸ் ஒரு கோப்பை அனுப்பினாள்.
"போய்ச் சேர்ந்ததா?"
டொராண்டோ இல்லை என்றது.
கிழக்கே போக வேண்டியது
மேற்கே, எண்ணூறு கிலோமீட்டர் சமவெளி தாண்டி,
சஸ்கடூனில் இறங்கியிருந்தது.
அங்குள்ள ரவுட்டர் படித்துப் பார்த்து
இது எனக்கில்லை என்று
நல்ல மனதோடு எங்களுக்கே திருப்பி அனுப்பியது.
நாங்கள் அதே சீட்டை ஒட்டி
அதே நல்ல மனதோடு மறுபடி சஸ்கடூனுக்கு.

ஒவ்வொரு பாக்கெட்டும் தன் ஆயுளை எண்ணாக எழுதி வரும்.
படிக்கப்படும் இடத்தில் மட்டும் அது ஒன்று குறையும்.
ஸ்விட்சுகளுக்குள் யாருக்கும் வயதாவதில்லை.
திரையில் அவை சாவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தை
நாங்கள் நின்றபடியே பார்த்தோம்.

"உங்கள் ஸ்விட்ச்," என்றேன்.
வாசில் பதில் சொல்லவில்லை.
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
அட்டவணையை விரலால் வரிவரியாகத் தடவினார்.
117 இருக்க வேண்டிய இடத்தில் 171.
ஸ்விட்ச் சொன்னதைச் செய்தது,
ஒரு செல் கூடச் சிந்தாமல்.
அந்த வரியைத் தட்டியது நான்.
ஊரெல்லாம் படிக்க வேண்டும் என்று
மூன்று வருடமாக வாதாடிய நான்.

மூன்று ஐந்துக்குக் கோப்பு டொராண்டோ சேர்ந்தது.
ஒட்டிலி "சரி, தூங்கப் போகிறேன்" என்று வைத்துவிட்டாள்.
வாசில் ஒட்டுத்தாளில் 117 என்று எழுதி
என் காபிக் கோப்பையில் ஒட்டினார்.
சிரிக்கவில்லை.
அது இன்னும் மோசம்.

வண்டி நிறுத்துமிடத்தில்
எஞ்சின் உறையாமலிருக்கச் செருகிய கம்பிகள்,
எல்லாமே ஆரஞ்சு நிறம்,
பனியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.
ஒன்றைப் பிடுங்கினேன்.
அது அவருடையது.
குனிந்து, கையுறையைக் கழற்றி,
கம்பியை வண்டிவரை தொட்டுத் தொட்டுப் போய்ப் பார்த்து,
திரும்பி வந்து செருகினேன்.